அதே சாட்டை, வேற கை

1965ல வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' டிவியில ஓடினா, இன்னைக்கும் எங்க வீட்ல சேனலை மாத்த விடமாட்டாங்க.

அதுல நம்பியார் கையில ஒரு சாட்டை இருக்கும். கஜேந்திரன்னு பேரு. ராமுவோட அக்கா புருஷன். சொத்துக்கு உண்மையான வாரிசு ராமு. வாயைத் திறக்கவே பயப்படுற அந்த அப்பாவி எம்.ஜி.ஆரைப் போட்டு விளாசுவார். பார்க்கிறவங்களுக்கு வயிறு எரியும்.

அப்புறம் ராமு இடத்துக்கு அதே முகத்தோட இளங்கோ வருவார். சாட்டை கை மாறும். மாடிப்படியில ஏறி இறங்கி, பாட்டுப் பாடிக்கிட்டே நம்பியாரை வெளுத்து வாங்குவார். தியேட்டர்ல விசில் பறந்த காட்சி. (எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.)

கொஞ்சம் நிதானமா யோசிங்க. ரெண்டு காட்சியிலயும் நடக்கிறது ஒண்ணுதான். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை வீட்டுக்குள்ள வச்சு சாட்டையால அடிக்கிறான்.

ஒரு அடிக்குப் பேரு கொடுமை. இன்னொரு அடிக்குப் பேரு நியாயம்.

"முதல்ல அடிச்சவன் கெட்டவன், திருப்பி அடிச்சவன் நல்லவன், இதுல யோசிக்க என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா அந்த 'முதல்ல' எங்க ஆரம்பிக்குதுன்னு முடிவு பண்றது படம் எடுக்கிறவர். கதையை எந்த இடத்துல திறக்கிறார், யார் முதுகை நமக்குக் காட்டறார், யாரோட வலிக்கு நேரம் ஒதுக்கறார்... வில்லன் அங்கதான் பிறக்கிறான்.

இது நான் ரொம்ப நாளா நம்புற விஷயம். இப்ப உட்கார்ந்து எழுத வச்சது சில பசங்க.

பினாங்கு ஜார்ஜ் டவுன்ல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை தெரியும்ல? (பழைய ஆளுங்களுக்கு இன்னும் பிட் ஸ்ட்ரீட்தான்.) பணம் மாத்துற கடை, நகைக்கடை எல்லாம் ஷட்டரை இறக்கினப்புறம் அந்தத் தெருவுக்கு வேற முகம் வரும். பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டாருக்கு வரிசை நிக்கும். அப்படி ஒரு ராத்திரி, பாய் கடையில தே தாரேக் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தப்ப நம்ம பசங்க சில பேர் வந்தாங்க. குறும்படம் எடுக்கப் போறாங்களாம். "அண்ணே, கதையைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்கண்ணே"ன்னு ஒரு கட்டுத் தாளை மேசையில வச்சாங்க.

கதை இதுதான். ஒரு தமிழ்ப் பையன், அம்மா வைத்தியத்துக்கு வட்டிக்கு விடுற ஆ லோங் கிட்ட கடன் வாங்குறான். வட்டி குட்டி போடுது. கட்ட முடியல. வசூல் பண்ண ஒருத்தன் வர்றான். கேட்டை வெளியில பூட்டறான், கதவுல சிவப்பு பெயிண்ட் வீசறான், சிரிக்கிறான். கடைசியில நம்ம பையன் அவனை அடிச்சுப் போடறான்.

அந்த வசூல்காரனுக்குத் தாள்ல எழுதியிருந்தது: சீனன், கன்னத்துல தழும்பு, கழுத்துல டிராகன் பச்சை. அவ்வளோதான். பேர் கூடக் கிடையாது.

எனக்குக் கோபம் வந்துச்சு. கன்னத்துத் தழும்பைத் தவிர எழுதுறதுக்கு வேற ஒண்ணும் தோணலையா? எந்தத் தெருவுல உட்கார்ந்து இதைப் படிக்கிறோம்! இந்தப் பக்கம் பள்ளிவாசல், நாலு எட்டு வச்சா குவான் யின் கோயில் ஊதுபத்திப் புகை, குயின் ஸ்ட்ரீட்ல 1833லேர்ந்து மாரியம்மன், அந்தக் கோடியில 1818ல கட்டின செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் ஹொக்கியனை என்னைவிட நல்லா பேசுவாங்க. ஸ்கூல் கூட்டாளிங்க பாதிப் பேர் சீனங்க. "உங்க படத்துல வர்ற ஒரே சீனன் இவன்தானா தம்பி?"ன்னு கேட்டேன்.

ஒருத்தன் டக்குன்னு சொன்னான்: "கபாலியில டோனி லீ வரலையாண்ணே?"

நல்ல கேள்வி. அதை அவ்வளவு சுலபமா தள்ளிட முடியாது.

'கபாலி' 2016 ஜூலைல வந்தப்ப இங்க நமக்கெல்லாம் அது வெறும் படமா இருக்கலை. தோட்டத்துக் கதை, கூலிக்காக நின்னு பேசின தமிழ்நேசன், கோட்டு போடுறதைப் பத்தின அந்தப் பேச்சு... நம்ம தாத்தா பாட்டி பேச நினைச்சதை ரஜினி வாயால இயக்குநர் ரஞ்சித் பேச வச்சார். அதுக்கு நான் என்னைக்கும் நன்றியோட இருப்பேன்.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. கபாலியும் கேங் தலைவர், டோனி லீயும் கேங் தலைவர். ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி. கபாலி சுட்டுத் தள்ளுற ஆளுங்க எண்ணிக்கையும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. போதைப்பொருளும் பொண்ணுங்களை வச்சுத் தொழிலும் கபாலிக்கு ஆகாது, தடம் மாறின பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தறார். வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா நாம கபாலி பக்கம் நிக்கிறது அந்தக் கொள்கைக்காகவா?

கிடையாது. குமுதவல்லிக்காக.

இருபத்தஞ்சு வருஷம் உள்ள இருந்துட்டு வந்த மனுஷன், காலி வீட்ல செத்துப்போனதா நினைக்கிற பெண்டாட்டியைப் பார்க்கிறார். அவங்க நடந்த இடம், உட்கார்ந்த இடம். அப்புறம் உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சு தேடிப் போறார். அந்தப் பயணத்துக்குப் படம் எவ்வளவு நேரம் கொடுக்குது! துப்பாக்கி, கேங் எல்லாம் ஒதுங்கி நின்னு வழி விடும். அந்த நேரம்தான் கபாலியை நம்ம ஆளா ஆக்குது.

டோனி லீக்கு அப்படி ஒரு நிமிஷமாவது உண்டா? அந்த வேஷத்துல நடிச்ச வின்ஸ்டன் சாவ் தைவான்லேர்ந்து வந்த பெரிய நடிகர். ஒரே ஒரு காட்சியில அவரைத் தனியா உட்கார வச்சு யோசிக்க விட்டிருந்தா பிரமாதப்படுத்தியிருப்பார். படத்துக்கு அதுக்கு மனசு வரலை. அவன் எந்தத் தெருவுல வளர்ந்தான், அவன் அப்பன் எந்த ஈயச் சுரங்கத்துல மண்ணு சுமந்தான்னு நமக்குத் தெரியாது. நம்ம பாட்டன் மாதிரியே பசிக்காகக் கப்பல் ஏறினவன் வம்சம்தானே அவனும்? தமிழனோட வரலாற்றுக்கு அவ்வளவு இடம் கொடுத்த படம், பக்கத்து வீட்டுக்காரனோட வரலாற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நான் உசுரா நேசிக்கிற படத்துல எனக்கு உறுத்துற ஒரே இடம் இது.

இன்னொண்ணு. நாம இங்க தியேட்டர்ல பார்த்த 'கபாலி' முடிவும் தமிழ்நாட்டுல பார்த்த முடிவும் வேற. அங்க திரை இருட்டாகி ஒரு துப்பாக்கிச் சத்தம். என்ன ஆச்சுன்னு நாமதான் நினைச்சுக்கணும். இங்க கடைசியில எழுத்து போட்டாங்க, கபாலி போலீஸ்ல சரணடைஞ்சிட்டார்னு. ரெண்டரை மணி நேரமா ரஞ்சித்தும் ரஜினியும் சேர்ந்து நாயகனா நிக்க வச்ச ஆளை, ஒரே ஒரு வரி குற்றவாளிக் கூண்டுல ஏத்திடுச்சு. கேமரா ஒரு தீர்ப்பு சொல்லுது, சட்டம் ஒரு தீர்ப்பு சொல்லுது.

(அந்த வரி மேல எனக்குக் கோபம் உண்டு. ஆனா நம்ம பசங்க எத்தனை பேர் குண்டர் கும்பல்னு போய் உள்ள கிடக்கறாங்கன்னு நினைக்கிறப்ப, அந்த வரியைப் போட்டவங்களுக்கு இருந்த பயமும் எனக்குப் புரியுது. ஒரு வரி எழுத்தால அந்தப் பயம் தீராது, அது வேற.)

பசங்க கிட்ட இன்னொரு விஷயமும் சொன்னேன். டோனி லீயும் கபாலியும் மோதுற மாதிரி இந்தத் தெருவைச் சுத்தி நிஜமாவே ஒரு கேங் சண்டை நடந்திருக்கு. 1867 ஆகஸ்ட். பத்து நாள் கிட்ட ஜார்ஜ் டவுனே பத்தி எரிஞ்சது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட், கேனன் ஸ்ட்ரீட்னு இப்ப டூரிஸ்ட்டுங்க சுவர் ஓவியத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கிற இடமெல்லாம் அன்னைக்குச் சண்டைக் களம்.

யாருக்கும் யாருக்கும் சண்டைன்னு நினைக்கிறீங்க? சீனனுக்கும் தமிழனுக்குமா? இல்லவே இல்ல. கீ ஹின்னு ஒரு சீனக் கும்பல், தோ பெக் கோங்னு இன்னொரு சீனக் கும்பல். கீ ஹின் கூட வெள்ளைக்கொடி, தோ பெக் கோங் கூட சிவப்புக்கொடி. அந்தக் கொடிக் கூட்டங்கள்ல இருந்தது மலாய்க்காரங்களும் நம்ம இந்திய முஸ்லிம்களும். ரெண்டு பக்கத்துலயும் எல்லாரும் கலந்துதான் நின்னாங்க. இதை இன்னைக்கு யாராவது படமா எடுத்தா, வில்லனுக்கு எந்த முகத்தை மாட்டுவாங்க? கேமராவை ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல ஒரு சிவப்புக்கொடிக்காரன் வீட்டு உள்கட்டுல வச்சா வெள்ளைக்கொடி வில்லன். தெருவைத் தாண்டி வச்சா அப்படியே தலைகீழ்.

பசங்க அமைதியா கேட்டாங்க. ஆனா ஒருத்தன் விடலை. "அப்படின்னா வில்லனே கிடையாதாண்ணே? எல்லாரும் நல்லவங்களா?"

அதுவும் இல்ல. அங்கதான் எம்.ஆர். ராதா வர்றார்.

'ரத்தக் கண்ணீர்' 1954. மோகனசுந்தரம் செய்யாத அக்கிரமம் இல்ல. பெத்த தாயைக் கேவலமா பேசறான், கட்டினவளைத் தள்ளி வைக்கிறான், தாசி காந்தா வீடே கதின்னு கிடந்து சொத்தைக் கரைக்கிறான். வேற எந்தப் படத்துலயும் இவன்தான் வில்லன். ஆனா இந்தப் படம் முழுக்க அவன் கூடவே நடக்குது. அவன் நக்கலுக்கு நாம சிரிக்கிறோம். தொழுநோய் வந்து, கண்ணு போய், காந்தா வீட்டு வாசல்லேர்ந்தே துரத்தப்படுறப்பவும் கூடவே போறோம். படம் அவனை எங்கயும் நல்லவன்னு சொல்லலை, அவன் செஞ்சது எதையும் மூடி மறைக்கலை. செஞ்சதோட விலையை அவன் கட்டறதைக் கடைசி வரைக்கும் காட்டுச்சு, அவ்வளோதான். அதனால அவன் கதையோட நாயகன், அதே நேரத்துல கெட்டவன். ரெண்டும் ஒரே உடம்புல இருக்கலாம்.

1976ல 'மூன்று முடிச்சு'ல ரஜினி செஞ்சதைப் பாருங்க. படகுலேர்ந்து தண்ணிக்குள்ள விழுந்த கமலைக் காப்பாத்தாம இருக்கார். கத்தி எடுக்கலை, அடிக்கலை. கையைக் கட்டிக்கிட்டு இருந்ததுதான் குற்றம். அந்த முகத்தைப் பார்த்து அன்னைக்கு வெறுத்த ஜனம்தான் ரெண்டு மூணு வருஷத்துல அவரைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டது. முகத்துல ஒண்ணும் இல்ல பாருங்க.

நம்ம பினாங்கு பிள்ளை பி. ரம்லிக்கும் இதே கதைதான். 1929ல இங்க பிறந்தவர். புக்கிட் மெர்தாஜாம்ல அவர் பாடினதைக் கேட்டு இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போனார். 1948ல 'சிந்தா'. முதல் படத்துல ரம்லிக்கு என்ன வேஷம் தெரியுமா? வில்லன்! ஒல்லியா, முகத்துல பரு வடுவோட இருந்த பையனுக்கு வேற என்ன கொடுப்பாங்கன்னு அந்தக் காலத்துக் கணக்கு. ரெண்டே வருஷத்துல, மெட்ராஸ்ல பிறந்த நம்ம எல். கிருஷ்ணன் 'பக்தி' படத்துல அவரைக் கதாநாயகன் ஆக்கினார். அதுக்கப்புறம் நடந்தது நாட்டுக்கே தெரியும்.

பசங்களுக்கு இது புதுசு. "ரம்லி வில்லனா?"ன்னு போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சிட்டாங்க.

நான் அதோட விடலை. ஹாங் துவா கதை நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்ததுதானே? விசுவாசமான வீரன் துவா, ராஜாவை எதிர்த்த ஜெபாட். 1956ல பாணி மஜும்தார் அதை கலர்ல எடுத்தார், ரம்லிதான் துவா. பொய்ப் புகாரை நம்பி சுல்தான் துவாவைக் கொல்லச் சொல்றார். அமைச்சர் பெண்டாஹாரா கொல்லாம ஒளிச்சு வைக்கிறார். கூட்டாளி செத்துட்டான்னு நினைச்ச ஜெபாட் கொதிச்சுப்போய் அரண்மனையையே பிடிச்சுக்கிறான். அவனை அடக்க வேற ஆள் இல்லாம துவாவைத் திரும்பக் கூப்பிடறாங்க. துவா வர்றான். தனக்காகச் சண்டை போட்ட கூட்டாளியைத் தன் கையாலயே குத்திக் கொல்றான்.

இந்தக் கதையில வில்லன் யாரு?

அந்தப் படமே முடியறப்ப துவா தனியா நின்னு, யார் பக்கம் நியாயம்னு தன்னையே கேட்டுக்குவான். அஞ்சு வருஷம் கழிச்சு, 1961ல, ஹுசைன் ஹனிஃப் 'ஹாங் ஜெபாட்'னே ஒரு படம் எடுத்தார். நோர்டின் அகமட் ஜெபாட். அதே கத்தி, அதே சாவு. கேமரா மட்டும் அந்தப் பக்கம் போய் நின்னுச்சு. துரோகின்னு நாம படிச்ச ஜெபாட், அநியாயத்தைத் தட்டிக் கேட்டவனா எழுந்து நின்னான். வழிவழியா வந்த ஒரு கதையில கைவச்சு இப்படித் திருப்பிக் காட்ட எவ்வளவு தைரியம் வேணும்! நாடு விடுதலை ஆகி நாலு வருஷம், ராஜ விசுவாசத்தைப் பத்தி ஜனங்களே கேள்வி கேட்க ஆரம்பிச்ச நேரம் அது.

சரி, பசங்க கதைக்கு வர்றேன்.

அன்னைக்கே மேசையிலயே திருத்த ஆரம்பிச்சோம். முதல்ல அவங்க சொன்னது: "அவனுக்கும் சீக்கு வந்த அம்மா இருக்குன்னு வச்சிடலாம்ண்ணே." எழுதிப் படிச்சுப் பார்த்தோம். ஒட்டலை. ஹீரோவுக்கும் அம்மா, இவனுக்கும் அம்மா, ரெண்டு அம்மாவும் இருமுறாங்க. பரிதாபத்தை வெளியிலேர்ந்து கொண்டுவந்து மேல ஊத்தின மாதிரி இருந்துச்சு.

அடுத்து அவன் சாமி கும்பிடற மாதிரி. குவான் யின் கோயில்ல ஊதுபத்தி ஏத்தறான். பார்க்க அழகா இருக்கும், ஆனா அது டூரிஸ்ட் போஸ்டர். அவனைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் இவ்வளவு நேரம் பேசாம இருந்த ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, அந்த சிவப்பு பெயிண்ட்டை அவன் எங்க வாங்குறான்?"

அடடா!

உடனே ஒரு காட்சி வந்துச்சு. ஹார்ட்வேர் கடை. வசூல்காரன் ரெண்டு டின்னை மாத்தி மாத்தித் தூக்கிப் பார்க்கிறான். விலை குறைஞ்சதை எடுக்கிறான். கடைக்காரர் "வீட்டுக்கா?"ன்னு ஹொக்கியன்ல கேட்கிறார். ஒரு நொடி யோசிச்சுட்டு "ஆமா"ங்கிறான். தின்னர் வேணுமான்னு கேட்கிறார். வேணாம்ங்கிறான். ரசீது கேட்டு வாங்கி, மடிச்சு, பர்ஸுக்குள்ள பத்திரமா வைக்கிறான். அந்தக் காசைப் பெரியவன் கிட்ட கணக்குக் காட்டி வாங்கணும்ல.

அழுகை இல்ல, அம்மா இல்ல, பின்னணி இசை இல்ல. அந்த ரசீது போதும். அவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான், பெயிண்ட் காசுக்குக்கூட இவன் பதில் சொல்லணும்னு தெரிஞ்சு போச்சு. அவனுக்கு ஒரு பேர் வேணும்னு எங்க எல்லாருக்குமே ஒரே நேரத்துல தோணுச்சு. ஆ செங்னு வச்சோம்.

இப்ப வந்தது பெரிய சிக்கல். திருத்தினதைப் படிச்சா ஆ செங் படத்தையே தூக்கிட்டுப் போயிட்டான்! பசங்களுக்கே ஹீரோ மேல கோபம். "வாங்கின காசைக் கட்டாம ஓடறானேண்ணே, இவன் பாவம்ல"ங்கிறாங்க. அந்தக் காட்சியை எடுத்துடலாமான்னு ஒருத்தன் கேட்டான். எடுத்தா மறுபடியும் தழும்பும் டிராகனும்தான் மிஞ்சும். ரொம்ப நேரம் வாக்குவாதம். பாய் வந்து கடை கட்டப்போறேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனார்.

கடைசியில காட்சியை எடுக்காம இடத்தை மாத்தினோம். முதல்ல கடைக் காட்சி இருந்துச்சு, அதான் சிக்கல். இப்ப முதல்ல பெயிண்ட் கதவுல விழும். அம்மா உள்ளேர்ந்து கதவைத் திறந்து, வழியிற சிவப்பைக் கையால தொட்டுப் பார்ப்பாங்க. பார்க்கிறவங்க ஆ செங்கை நல்லா வெறுக்கட்டும். அதுக்கப்புறம், ஹீரோ அவனைத் தேடிக்கிட்டு அலையுறப்பதான் அந்த ஹார்ட்வேர் கடை. அடுத்த டின் வாங்க வந்திருக்கான். ஹீரோ கடை முன்னாடி அஞ்சடி நடைபாதையில ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னு அதைப் பார்க்கிறான். ரசீதை மடிக்கிறதையும் பார்க்கிறான். நாம பார்க்கிறதை அவனும் பார்க்கிறான்.

இப்ப கடைசிச் சண்டை வேற மாதிரி ஆயிடுச்சு. ஹீரோ அடிக்கக் கையை ஓங்குறப்ப, யாரை அடிக்கிறோம்னு அவனுக்குத் தெரியும். ஆ செங் செஞ்சது தப்புதான், அது கொஞ்சமும் குறையலை. அந்த அம்மா பயந்தது பயந்ததுதான். ஆனா அந்த அடிக்கு இனிமே விசில் அடிக்க முடியாது.

கிளம்பறப்ப பசங்களுக்கு ஒரு படம் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன். 'ஜகாட்', 2015. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த நம்ம ஊர்ப் படம். தோட்டத்தை விட்டு வெளிய வந்த குடும்பம், பன்னெண்டு வயசு அப்போய். படிச்சு முன்னேறணும்னு அடிச்சு வளர்க்கிற அப்பா மணியம், உறவுல ஒருத்தர் கேங், இன்னொருத்தர் போதையோட போராடினவர். அந்தப் பையன் எந்தப் பக்கம் சாயறான்னு பார்த்துக்கிட்டே இருப்போம். இவன்தான் வில்லன்னு கையை நீட்டிக் காட்ட ஒரு ஆள் கிடைக்க மாட்டான். அடிக்கிற அப்பா மேலகூட வெறுப்பு வராது, பயமும் ஆசையும் அந்த அடிக்குள்ளயே தெரியும். 2016ல மலேசியத் திரைப்பட விழாவுல, மலாய் மொழிப் படமா இல்லையான்னு பெரிய சர்ச்சை ஓடி முடிஞ்சு, சிறந்த மலேசியப் படம் விருதை வாங்குச்சு. இது நம்ம படம்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

பசங்க படத்துக்கு ஹீரோ கிடைச்சாச்சு, அம்மாவா நடிக்க ஒரு அக்கா ஒத்துக்கிட்டாங்க. ஹார்ட்வேர் கடைக்காரர், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டார், அதுவும் சந்தோஷமா.

ஆ செங்குக்குத்தான் ஆள் கிடைக்கலை. முப்பது முப்பத்தஞ்சு வயசு, ஹொக்கியன் தண்ணியா பேசணும், தமிழ் ஒண்ணு ரெண்டு புரிஞ்சா போதும். தழும்பு தேவையில்ல. நடிச்சுப் பழக்கம் இருக்கணும்னு கட்டாயமும் இல்ல, ஒரு ரசீதை வாங்கி நிதானமா மடிக்கத் தெரியணும். பினாங்குலயோ பட்டர்வொர்த்துலயோ அப்படி யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. வெள்ளி அதிகம் கொடுக்க முடியாது, ஷூட்டிங் அன்னைக்கு மூணு வேளை சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு.